பின்னணி நீக்கிய படம்

ஒதியம்பட்டு
8 ஜூன் 2025

அன்புள்ள ஜெனிக்கு,

மாதாவின் கருணையால் நானும் ஷாலினியும் சுகமாக இருக்கிறோம். நீ, அந்துவான், லியோ மூவரும் சுகம்தானே? உன் முதுகுவலி தேவலையா? இங்கே வெயில் இன்னும் இறங்கவில்லை.

அம்மாவின் முதலாம் ஆண்டு நினைவு அக்டோபர் பன்னிரண்டு, ஞாயிற்றுக்கிழமை. பூசைக்கு ஃபாதரிடம் சொல்லிவிட்டேன். நினைவுக் கார்டை நானே வடிவமைக்கிறேன். வில்லியனூர் அச்சகத்துக்கு ஊரார் கார்டெல்லாம் செய்து கொடுப்பவள், அம்மாவுக்குச் செய்யாமல் இருப்பேனா? நடுவில் அம்மா, கீழே நாம் இருவரும். அதே படங்களை இணையத்தில் ஒரு நினைவுப் பக்கத்திலும் ஏற்றப் போகிறேன். வெளிநாட்டுச் சொந்தங்கள் பார்க்கட்டும். எனக்கு உன் படம் ஒன்று வேண்டும். தனியாக, மார்பளவு, சேலையில்.

இன்னொன்று கேட்க வேண்டும். கார்டில் ‘மருமகன்கள்’ என்று ஒரு வரி வரும். இறந்தவர் பெயருக்கு முன்னால் சின்னச் சிலுவை போடுவது நம்முடைய வழக்கம். அச்சக முதலாளி அருள்முருகன் கேட்டார்: “அன்புராஜ் சாருக்குச் சிலுவை உண்டாம்மா, இல்லையா?” அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. ஹோட்டல் வேலைக்கென்று பிரான்சுக்குப் போன மனிதரிடமிருந்து ஆறு வருடமாக ஒரு போன் இல்லை. என் கணவர் உயிரோடு இருக்கிறாரா என்று எனக்கே தெரியாது. தெரியாது என்று வாயால் சொல்லிவிட்டு வந்தேன்.

நீயும் அங்கேதான் இருக்கிறாய். எப்போதும் கேட்பதையே கேட்கிறேன். ஏதாவது தெரிந்ததா?

உன் அக்கா,
செல்வி


சார்செல், பிரான்ஸ்
19 ஜூன் 2025

அன்பு அக்கா,

இங்க எல்லாரும் நல்லா இருக்கோம். முதுகுவலி வந்துட்டு வந்துட்டுப் போவுது, வயசாவுது இல்ல. ஷாலினி நல்லா படிக்கிறாளா? சித்தி முத்தம் குடுத்தேன்னு சொல்லு. பத்தொன்பது வயசுல முத்தம் இன்னாத்துக்குன்னு கேப்பா, இருந்தாலும் சொல்லு.

போட்டோவ வாட்ஸப்ல அனுப்பிட்டேன். போன்ல ஒரு ஆப் இருக்கு, ஒரு தட்டு தட்டினா பின்னாடி இருக்கறதெல்லாம் போயிடுது. உனக்கு வேல மிச்சம்.

மாமாவப் பத்திப் புதுசா ஒண்ணும் இல்ல அக்கா. தமிழ்ப் பூசைக்குப் போறப்பல்லாம் கேக்கறேன். பேரு மட்டும் போட்டுடு. சிலுவை வேணாம். மனசுல ஒரு நம்பிக்கைதான்.

உன் தங்கச்சி,
ஜெனி


ஒதியம்பட்டு
22 ஜூன் 2025

அன்புள்ள ஜெனி,

சுகம். சுகமறிய ஆவல்.

உன் படத்தை அச்சகத்தில் பெரிதாக்கிப் பார்த்தோம். அருள்முருகன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, “இன்னாம்மா, தங்கச்சி வேளாங்கண்ணிக்கு மொட்டை போட்டுட்டு வந்தாங்களா?” என்றார். உன் ஆப் கொண்டையில் பாதியைத் தின்றுவிட்டது. ஒரு காது இல்லை. மிச்சமிருந்ததை வாட்ஸப் நசுக்கிவிட்டது. கன்னம் சாணி மெழுகின சுவர் மாதிரி இருக்கிறது.

வாட்ஸப்பில் அனுப்பாதே. கேமராவில் எடுத்த அசல் படத்தை இந்த மெயிலோடு இணைத்து அனுப்பு. பின்னணியை நான் வெட்டிக்கொள்கிறேன். என் வேலையே அதுதானே.

சிலுவை வேண்டாம் என்று நீ எழுதியதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். உன் நம்பிக்கை எனக்கும் வரட்டும். நேற்று சனிக்கிழமை, வில்லியனூர் மாதா கோயில் குளத்துக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றினேன். அம்மா இருந்தவரை இருவரும் சேர்ந்து போவோம். மெழுகுவர்த்தியை அம்மாதான் வாங்குவாள், என்னைக் காசு கொடுக்க விடமாட்டாள். இப்போது தனியாகப் போகிறேன்.

செல்வி


சார்செல்
20 ஜூலை 2025

அன்பு அக்கா,

பதில் போட லேட்டாயிடுச்சி, கோச்சிக்காத. லியோவுக்குப் பள்ளிக்கூட லீவு, வூடு தலகீழா கெடக்கு. நீ எப்படி இருக்க, பிரஷர் மாத்திர ஒழுங்கா போடறியா?

அசல் படம் வேணாம் அக்கா. அதுல அந்துவான் பக்கத்துச் சொந்தம் நெறைய பேர் நிக்கறாங்க. அவங்க போட்டோவ யாருக்கும் அனுப்பக் கூடாதுன்னு இங்க ரொம்பப் பாப்பாங்க. வேற படமும் இல்ல. நான் எப்பவும் கேமராவுக்குப் பின்னாடிதான நிப்பேன்! இந்த ஒண்ணுலதான் அம்மாவோட மயில்கழுத்துப் பட்டு கட்டியிருக்கேன், மூஞ்சும் சிரிச்ச மாதிரி வந்திருக்கு. இதையே போடணும்னு ஆச.

நீ எப்படிப் பண்றன்னு எழுது. லியோவோட லேப்டாப்ல நானே வெட்டி அனுப்பறேன்.

ஜெனி


ஒதியம்பட்டு
23 ஜூலை 2025

அன்புள்ள ஜெனி,

எல்லோரும் சுகம். மாத்திரை போடுகிறேன்.

உனக்கு நான் ஏதாவது சொல்லிக் கொடுத்து எவ்வளவு காலம் ஆயிற்று! காலையிலிருந்து இதை எப்படி எழுதுவதென்று யோசித்துக்கொண்டே சமைத்தேன். குழம்பு அடிப்பிடித்துவிட்டது.

என் பழைய லேப்டாப்பில் பெரிய மென்பொருள் எதுவும் ஓடாது. கறுப்புத் திரையில் ஒரு வரி கட்டளை தட்டித்தான் எல்லாம் செய்கிறேன். பழகிவிட்டால் அதுதான் சுலபம். படத்தை நான் சொன்னதற்கு மேல் அது தொடாது.

முதலில் உன் படத்தை பிஎன்ஜி என்ற கோப்பு வகையில் சேமி. பிறகு அதே அளவில் இன்னொரு படம் செய். நீ நிற்கும் இடம் மட்டும் வெள்ளை, மற்றதெல்லாம் கறுப்பு. லேப்டாப்பில் உள்ள பெயிண்ட் நிரலில் பொறுமையாகத் தீட்டினால் போதும். முடியின் ஓரத்தில் சின்னத் தூரிகை வைத்துக்கொள். பிறகு கட்டளை இரண்டையும் சேர்க்கும். வெள்ளை உள்ள இடம் தெரியும், கறுப்பு உள்ள இடம் கண்ணாடி போல ஒளி ஊடுருவிக் காணாமல் போகும். கட்டளையை மெயிலின் அடியில் தனியாகத் தட்டியிருக்கிறேன். ஒரு புள்ளி மாறாமல் நகலெடுத்துப் போடு.

ஒன்று முக்கியம். ஓரங்களை வெட்டிப் படத்தைச் சின்னதாக்காதே. முழு அளவிலேயே அனுப்பு. எனக்குத் தேவையான அளவை நான் எடுத்துக்கொள்கிறேன்.

நினைவுப் பக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அந்தத் தளம் எந்தப் படத்தை ஏற்றினாலும் நசுக்கி ஜேபெக்காக மாற்றுகிறது. அம்மாவின் நரைமுடி சாம்பல் பூசினது போல ஆகிவிட்டது. ஆனால் பிஎன்ஜி படத்தில் எங்காவது ஒளி ஊடுருவும் புள்ளி இருந்தால் அதை மாற்றாமல் அப்படியே விட்டுவிடுகிறது. அதனால் அம்மா படத்தின் மூலையில் ஒரே ஒரு புள்ளியை லேசாக ஊடுருவ விட்டேன். யார் கண்ணுக்கும் தெரியாது. இப்போது அம்மாவின் ஒவ்வொரு முடியும் தெரிகிறது.

ஷாலினியிடம் கார்டைக் காட்டினேன். அப்பா பெயரில் விரலை வைத்து, “சிலுவை போட்டுடும்மா. எனக்கு முடிஞ்சிடும்” என்றாள். “உயிரோட இருந்தா?” என்றேன். “உயிரோட இருந்து போன் பண்ணலன்னா அது இதவிட மோசம்மா” என்று சொல்லிவிட்டுக் காலேஜ் பஸ்ஸுக்கு ஓடினாள்.

உன் அக்கா,
செல்வி


சார்செல்
15 ஆகஸ்ட் 2025

அன்பு அக்கா,

மாதா திருநாள் வாழ்த்து! இன்னிக்கு எல்லாரும் சுகமா கோயிலுக்குப் போய்ட்டு வந்தோம்.

இந்தா, உன் தங்கச்சி படம். பதினஞ்சு நாளு கண்ணு நோவ நோவத் தீட்டியிருக்கேன். நீ சொன்ன மாதிரியே செஞ்சேன், ஒரு புள்ளி மாத்தல. முழு அளவுதான். கறுப்புத் திரையில தட்டினதும் பின்னாடி எல்லாம் போய் நான் மட்டும் நிக்கறேன்! லியோ, “மம்மி ஹேக்கர் ஆயிட்டாங்க”ன்றான். இனிமே ஊரு கார்டுல எனக்கும் பங்கு குடு.

ஷாலினி சொல்றத மனசுல வெச்சிக்காத. சின்னப் பொண்ணு. சிலுவை மட்டும் போட்டுடாத அக்கா.

ஜெனி


ஒதியம்பட்டு
17 ஆகஸ்ட் 2025

ஜெனி,

படம் கிடைத்தது. நன்றாக வெட்டியிருக்கிறாய்.

இது எங்கே எடுத்தது? என்ன விசேஷம்?

செல்வி


சார்செல்
2 செப்டம்பர் 2025

அன்பு அக்கா,

சுகமா? உன் மெயிலு ரொம்பச் சின்னதா இருந்திச்சி, பயந்துட்டேன். ஷாலினிக்கு ஒண்ணும் இல்லயே?

அந்தப் படமா? அந்துவானோட ஒண்ணுவிட்ட அக்கா பொண்ணு கல்யாணத்துல எடுத்தது. போன வருஷம், ஈஸ்டர் முடிஞ்சி. ஹால் வாசல்ல. ஏன் கேக்கற? சேல கசங்கியிருக்கா?

ஜெனி


ஒதியம்பட்டு
4 செப்டம்பர் 2025

ஜெனி,

நீ உண்மையைச் சொல்வாய் என்று பதினைந்து நாள் காத்திருந்தேன். அதற்காகத்தான் அப்படிக் கேட்டேன்.

உனக்குச் சொல்லிக் கொடுத்தபோது ஒன்றை எழுதாமல் விட்டுவிட்டேன். மறைத்து வைக்க அல்ல. உனக்கு எதற்கு என்று நினைத்தேன். அந்தக் கட்டளை எதையும் அழிப்பதில்லை. கறுப்பு தீட்டிய இடத்தை நம் கண்ணுக்குக் காட்டாமல் வைக்கிறது, அவ்வளவுதான். நிறமெல்லாம் அடியில் இருந்தபடியே இருக்கும். நாங்கள் அதை ஆல்பா என்போம். ஆல்பாவை அணைத்தால் பழைய படம் முழுதாக மேலே வந்துவிடும்.

நான் உன்னைச் சந்தேகப்பட்டு அணைக்கவில்லை. கொண்டையில் வைத்திருந்த பூச்சரத்தைப் பாதியில் வெட்டியிருந்தாய். அம்மாவின் கார்டில் என் தங்கை முழுப் பூவோடு இருக்க வேண்டும் என்று நினைத்தேன். பூவின் மிச்சம் அடியில் இருக்குமே, ஓரத்தை நானே சரியாகத் தீட்டிவிடலாம் என்று ஒரு வரி தட்டினேன். எல்லாக் கார்டுக்கும் நான் செய்கிற வேலைதான்.

என் கண் பூவைத்தான் முதலில் தேடியது. பூ கிடைத்தது. அதற்குப் பக்கத்தில் அவர் நின்றிருந்தார்.

உடம்பு போட்டிருக்கிறார். காதோரம் நரைத்திருக்கிறது. கழுத்தில் டை. எங்கள் கல்யாணத்தில் மூச்சு முட்டுகிறதென்று பாதிப் பூசையிலேயே கழற்றிப் பையில் வைத்துக்கொண்டவர். கையில் எரியும் மெழுகுவர்த்தி. பக்கத்தில் ஒரு பெண் அவர் தோளைத் தொட்டுக்கொண்டு நிற்கிறாள். உங்களுக்குப் பின்னால் இருப்பது கல்யாண ஹால் இல்லை ஜெனி, ஞானஸ்நானத் தொட்டி. நீ எனக்கு மார்பளவு காட்டினாய். அதற்குக் கீழே உன் இரண்டு கையிலும் குழந்தை இருக்கிறது. ஞானத்தாய் எங்கே நிற்பாள், பிள்ளையை எப்படி ஏந்துவாள் என்று எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். ஷாலினியை நீ அப்படித்தான் ஏந்தினாய்.

குழந்தையின் உடுப்பையும் பார்த்தேன். வெள்ளை, விளிம்பில் நீல நூலில் குரோஷாப் பின்னல். ஷாலினி பிறந்தபோது அம்மா பின்னியது. அம்மாவின் அடக்கம் முடிந்து பீரோவை ஒழித்தபோது அதைத் தேடினேன். துக்க வீட்டுக்கு வந்தவர்கள் யாரோ எடுத்துப் போயிருப்பார்கள் என்று நினைத்து, முகம் தெரியாத அந்த ஆளைத் திட்டினேன். அம்மாவின் பீரோச் சாவி அம்மாவின் இடுப்பைவிட்டு இறங்கியதில்லை. அவள் கொடுக்காமல் அது கடல் தாண்டியிருக்காது.

அப்படியென்றால் அம்மாவுக்கும் தெரியும்.

இதுதான் ஜெனி எனக்கு விளங்கவில்லை. அவர் போனது பழைய வலி. அதோடு எப்படி வாழ்வதென்று பழகிவிட்டேன். சனிக்கிழமை சனிக்கிழமை மாதா குளத்துப் படியில் என் பக்கத்தில் முழங்காலிட்டு, “எம் மருமவன் எங்க இருந்தாலும் கண்ணுல காட்டும்மா” என்று சத்தமாக வேண்டினாளே, அப்போது அம்மா யாரிடம் பேசிக்கொண்டிருந்தாள்? மாதாவிடமா, என்னிடமா?

வேறு படம் இல்லை என்று எழுதினாய். இருக்கும். அவ்வளவு படங்களில் இதைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறாய். அதில் நீ சந்தோஷமாக இருக்கிறாய், எனக்குத் தெரிகிறது.

எப்போதிலிருந்து தெரியும்? அதை மட்டும் எழுது.

செல்வி


சார்செல்
5 அக்டோபர் 2025

அக்கா,

ஒரு மாசமா எழுதி எழுதி அழிக்கறேன்.

மூணு வருஷம் முன்னாடி சந்தையில பாத்தேன். மீன்கடை வரிசையில எனக்கு முன்னாடி நின்னாரு. இங்க தங்கறதுக்கான பேப்பருக்காகத்தான் அந்தப் பொண்ணோட இருக்கேன், பேப்பர் வந்ததும் செல்வியக் கூப்ட்டுப் பேசறேன்னு அழுதாரு. நான் நம்பினேன். அடுத்த மாசம், அடுத்த மாசம்னாரு. அப்புறம் அவ மாசமாயிட்டா.

அந்த வருஷம் ஊருக்கு வந்தப்ப உங்கிட்ட சொல்லணும்னுதான் வந்தேன். மொதல்ல அம்மாகிட்ட சொன்னேன். அம்மா என் வாயப் பொத்திட்டாங்க. “அவ இந்த நம்பிக்கையிலதான் எழுந்திரிச்சி நடமாடறா. இத சொன்னா மருந்தக் குடிச்சிடுவா. எங்காலம் முடியட்டும்”னு பைபிள் மேல கை வெக்கச் சொன்னாங்க. வெச்சேன். அம்மா போனப்புறம் எப்படிச் சொல்றதுன்னு தெரியல. ஒவ்வொரு மெயில்லயும் நீ கேக்கறப்ப புதுசா ஒண்ணும் இல்லன்னு எழுதி அனுப்பிடுவேன்.

ஞானஸ்நானத்துக்கு வேற யாரும் கெடைக்கலன்னு கால்ல விழுந்தாரு. கொழந்த இன்னா பாவம் பண்ணிச்சி அக்கா? அம்மாவும் அதத்தான் சொன்னாங்க. உடுப்ப ஊருலேர்ந்து வந்தவங்க கையில குடுத்தனுப்பினாங்க. ஏன் குடுத்தாங்கன்னு நான் கேக்கல.

நான் அன்னிக்குச் சிரிச்சேன், நெசந்தான். கொழந்தயத் தூக்கினா சிரிப்பு வந்துடுது.

கால்ல விழறேன், ஷாலினிக்குத் தெரிய வேணாம். அவளுக்கு நான் சித்தியாவே இருந்துட்டுப் போறேன். அம்மா நெனவுக் கார்டுலேர்ந்து என்ன எடுத்துடாத.

ஜெனி


ஒதியம்பட்டு
14 அக்டோபர் 2025

ஜெனி,

பூசை நல்லபடியாக நடந்தது. கோயில் நிறைய ஆட்கள். நீ கார்டில் இருக்கிறாய், முழுப் பூவோடு. நினைவுப் பக்கத்திலும் இருக்கிறாய்.

‘மருமகன்கள்: அன்புராஜ், அந்துவான்’ என்று அச்சாகியிருக்கிறது. சிலுவை இல்லை. பூசை முடிந்து கோயில் வாசலில் கார்டு கொடுத்துக்கொண்டிருந்தபோது ஷாலினி ஒன்றை எடுத்துப் படித்தாள். கையிலிருந்த மிச்சத்தைப் பக்கத்து வீட்டு ஜெயா அக்காவிடம் தந்துவிட்டு என்னை வேப்பமரத்தடிக்கு இழுத்துப் போனாள்.

“நம்பிக்கையில விட்டியா, தெரிஞ்சி விட்டியா?”

“தெரிஞ்சி.”

“எங்க இருக்காரு?”

“பிரான்சுலதான். வேற குடும்பம். ஒரு குழந்தை.”

அவள் அழவில்லை. “சரி” என்றாள். கார்டை இரண்டாக மடித்தாள், நாலாக மடித்தாள். பிறகு, “யாரு சொன்னா?” என்றாள்.

“சித்தி.”

“சித்திக்கு எப்ப தெரியும்?”

ஜெனி, நான் உன்னிடம் கேட்ட அதே கேள்வி. அதற்கு என் மகளுக்கு உண்மையைச் சொல்ல எனக்கு ஒரு நிமிடம் இருந்தது. சொன்னால் அடுத்து ஆயாவுக்கு எப்போது தெரியும் என்பாள். இரண்டு பக்கமும் மாலை போட்ட ஆயாவின் படம் அவளுக்கு எதிரே கோயில் கதவில் தொங்கிக்கொண்டிருந்தது.

“போன மாசம்தான். தெரிஞ்ச உடனே எனக்கு எழுதினா” என்றேன்.

“சித்தி எவ்ளோ கஷ்டப்பட்டிருக்கும்” என்று சொன்னாள் உன் ஷாலினி. உனக்கு அன்றைக்கே எழுதப் போகிறேன் என்றும் சொன்னாள். இந்நேரம் எழுதியிருப்பாள்.

அவள் என்னிடம் வேலை கற்றவள். ஆல்பாவை அணைக்க அவளுக்கும் தெரியும். அதனால் நினைவுப் பக்கத்தில் ஏற்றும் முன்பே உன் படத்தில் மறைந்திருந்த இடம் முழுவதையும் வெள்ளையால் நிரப்பினேன். தொட்டி, மெழுகுவர்த்தி, குழந்தை, எல்லாம். நீ அனுப்பிய கோப்பையும் அழித்தேன். இனி யார் அணைத்துப் பார்த்தாலும் வெறும் வெள்ளைதான் வரும். நீ மறைத்ததைவிட நான் சுத்தமாகச் செய்திருக்கிறேன்.

இரண்டு மாதமாக நான் கேட்டுக்கொண்டிருந்தது இதைத்தான்: பெற்ற மகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டே அம்மாவால் எப்படிப் பொய் சொல்ல முடிந்தது? வேப்பமரத்தடியில் தெரிந்தது. சுலபமாக முடிகிறது. குரல்கூட நடுங்கவில்லை. அவளுக்காகத்தான் என்று நினைத்துக்கொண்டே சொன்னேன். அம்மாவும் அப்படித்தான் நினைத்திருப்பாள். நீயும்.

நீங்கள் மறைத்ததை என்றைக்காவது மன்னிப்பேனோ என்னவோ. என்னையும் உங்களோடு சேர்த்துக்கொண்டீர்களே, அதை மன்னிக்க மாட்டேன்.

ஷாலினியின் கடிதத்துக்குப் பதில் எழுது. நான் அவளிடம் சொன்னதற்கு மாறாக எதுவும் எழுதிவிடாதே. எனக்கு எழுத வேண்டாம்.

ஆரோக்கிய செல்வி